மூச்சில்லாத மாப்பிள்ளையின் பதினாறாம் நாள்

2018 ஜூன் 29, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு முப்பத்தோராவது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கீழப்பெருந்துறை வடிவாம்பிகை டாக்கீஸின் டிக்கெட் கவுண்டரில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் பூமயில் பலகையைச் சாத்தினாள். முப்பத்தோரு பேரில் இருபத்தாறு பேர் மீன்காரப் பெண்கள். துறைமுகத்தில் ஏலம் முடிந்து, விற்றது போக மிச்சத்தை ஐஸில் போட்டுவிட்டு, வெயில் தாழும்வரை உட்கார நிழலும் மின்விசிறியும் வேண்டி, எந்தப் படம் ஓடினாலும் காலைக் காட்சிக்கு வருகிறவர்கள் அவர்கள். கூடைகளை இறக்கி வைக்கவென்று வாசலின் இடப்பக்கம் நிர்வாகமே ஒரு சிமெண்டு மேடை கட்டிக் கொடுத்திருந்தது. அன்று வந்திருந்த படத்தின் பேர் ‘மூச்சில்லாத மாப்பிள்ளை’. எல்லாரும் புதுமுகங்கள். போஸ்டரில் ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுடைய ஒரு கன்னம் மட்டும் பச்சையாக இருந்தது.

கதை இதுதான். அன்பரசு என்ற மெக்கானிக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. பெண் யாழினி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நிச்சயதார்த்தத்துக்கு மூன்றாம் நாள் லாரி மோதி அவன் செத்துப்போகிறான். பிணவறையில் ஒரு மருந்து பாட்டில் கவிழ்ந்து அவன்மேல் கொட்ட, எழுந்து உட்காருகிறான். பெற்றவர்களே அலறியடித்து ஊரைவிட்டு ஓடிப்போக, அவன் நடந்து நடந்து வந்து யாழினி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். “யாரு?” என்கிறாள். “நான்தான்” என்கிறான். அவள் திறக்கிறாள். அவனுக்குப் பசி கிடையாது, மூச்சு கிடையாது, வெயில் ஆகாது. கெட்டுப்போகாமல் இருக்க அவனைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறாள், அங்கே இரண்டு பாட்டு வருகிறது. கடைசியில் போலீசும் ஊரும் துரத்த, ஒரு ஐஸ் லாரியில் அவனைப் படுக்கவைத்து அவளே ஓட்டிக்கொண்டு வடக்கே போவதோடு படம் முடிகிறது.

மற்ற ஊர்களில் இந்தப் படத்துக்குச் சிரித்தார்கள், சில ஊர்களில் பயந்தார்கள், பல ஊர்களில் போகவே இல்லை. கீழப்பெருந்துறையில் அந்த இருபத்தாறு பெண்களும் அன்பரசுவை ஏலத்துக்கு வந்த மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

“கண்ணு இன்னும் தெளிவாத்தான் இருக்கு. நேத்துச் சரக்குதான்.”

“செவுள் வெளுத்துருச்சு பாரு, எங்க தெளிவா இருக்கு?”

“ஐஸைக் கட்டியா வைக்காதடி பொண்ணே, உடைச்சுப் போடு! கட்டி மேல படுக்க வச்சா முதுகு மட்டும்தான் குளிரும்.”

“உப்பைத் தூவச் சொல்லு. உப்புத் தூவுனா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.”

“குடலை எடுக்காம ஐஸ் போட்டு என்னாடி பிரயோசனம்?”

இப்படிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் காத்தாயி. கருவாட்டு வியாபாரம், ஐம்பத்தைந்து வயது, பூமயிலின் நாத்தனார். இடைவேளையில் கல்லூரிப் பையன் ஒருவன் இதற்கு ஜோம்பி என்று பேர் என்று விளக்க முற்பட்டபோது அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “என்ன பேர் வச்சா என்ன தம்பி, இது காரியம் பண்ணாத பொணம். பெத்தவங்க ஓடிட்டாங்க. வாய்க்கரிசி போட்டாங்களா? கொள்ளி வச்சாங்களா? பின்ன எந்திரிச்சு நடக்காம என்ன பண்ணுவான்?” என்றாள். பையன் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்தால் சரிதான் என்று ஒப்புக்கொண்டான்.

அந்தப் பேச்சு அன்று மாலையே ஐஸ் பாக்டரிக்குப் போனது, மறுநாள் ஏலக்கூடத்துக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நின்றது. ஒரு வாரத்தில் எடுத்துவிட வேண்டிய படம் இரண்டாம் வாரமும் ஓடியது, ஏனென்றால் பார்த்த பெண்களே திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பையன் இன்னும் எழுந்து நடந்துகொண்டுதான் இருக்கிறானா என்று பார்த்து, இருக்கிறான் என்று தெரிந்ததும் மனசு கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

பூமயிலும் பார்த்தாள். காட்சி தொடங்கி இருபது நிமிஷத்தில் கவுண்டரை மூடிவிட்டு, பின்கதவின் சிவப்புத் திரைக்குப் பக்கத்தில் நின்று, கதவு தட்டும் இடம்வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு காட்சி, நாலு முறையும் அந்த ஒரு இடம்தான். அந்தப் பெண் ‘எங்கே போயிருந்தாய்’ என்று கேட்காமல் கதவைத் திறந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. தான் திறந்தாலும் அப்படித்தான் திறப்போம் என்று நினைத்தாள்.

அவள் புருஷன் நாகமுத்து 2011 ஆடி அமாவாசைக்கு மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு பைபர் படகில் கடலுக்குப் போனவன். ஐந்தாம் நாள் படகு கோடியக்கரைப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. மற்ற இரண்டு பேரின் உடல்களும் கிடைத்தன, அவனுடையது கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. பூமயில் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகத்தான் போட்டாள். வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் காத்தாயி வந்து, வைக்கோலில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம், பொண்டாட்டி நீ சம்மதித்தால்தான் நடக்கும் என்று கேட்பாள். பூமயில் முடியாது என்பாள். இந்த ஆடி அமாவாசையோடு ஏழு வருஷம். ஏழு வருஷம் ஆனால் சர்க்காரே செத்தவன் என்று ஒத்துக்கொள்ளும் என்று காத்தாயி யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள்.

சர்க்காருக்காக அவள் கேட்கவில்லை. கனவில் தம்பி வருகிறான் என்று சொல்வாள். கரைக்கு வராமல், உள்ளேயும் போகாமல், முழங்கால் தண்ணீரில் நிற்கிறான், அக்கா என்று கூப்பிடுகிறான், வேறொன்றும் பேசுவதில்லை. ஏழு வருஷமாக ஒரே கனவு.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் மதியக் காட்சிக்கு முன்னால் காத்தாயி கவுண்டரின் அரைவட்ட ஓட்டைக்குள் முகத்தைக் குனிந்து நீட்டி, “பூமயிலு, நாங்க அந்தப் பையனுக்குக் காரியம் பண்ணப் போறோம்” என்றாள்.

“எந்தப் பையனுக்கு அண்ணி?”

“மூச்சில்லாதவனுக்கு.”

“படத்துல வர்றவனுக்கா?”

“அவனுக்கு வேற யாரு இருக்கா? பெத்தது ரெண்டும் ஓடிப்போச்சு.”

பூமயில் டிக்கெட் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “நீங்க அவனுக்குப் பண்ணல அண்ணி. இவருக்குப் பண்ண ஒத்திகை பாக்குறீங்க.”

“ஆமா, பாக்குறேன். என்னாங்கிற?” என்றாள் காத்தாயி. “நீ பண்ண விடமாட்ட. யாருக்காச்சும் பண்ணுறேன். எனக்கு ரெண்டு டிக்கெட்டு குடு.”

ஊர்ப் பஞ்சாயத்தில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். காரியம் செய்யலாமா என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, பேச்சு எல்லாம் எப்படிச் செய்வது என்பதில்தான். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது வழக்கம். இவன் ஊர்க்காரனா இல்லையா என்று விவாதித்து, படகுகள் போகட்டும், பெண்கள் மட்டும் அன்று ஏலக்கூடத்துக்குப் போகாமல் இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்து, செத்த நாள் எது. ஒரு நாளைக்கு நாலு தடவை சாகிறவனுக்கு எதைக் கணக்கு வைப்பது என்று ஒருவர் கேட்டார். படம் வெளியான நாள் முதல் காட்சிதான் முதல் சாவு, மற்றதெல்லாம் அதே சாவுதான் என்று தலைவர் தீர்த்து வைத்தார். அதன்படி பதினாறாம் நாள் ஜூலை 14, சனிக்கிழமை.

சடங்கு செய்துவைக்கும் ரெங்கசாமி, செத்தவனின் அப்பா பேர் வேண்டும் என்றார். படத்தில் அப்பாவை எல்லாரும் ‘யோவ்’ என்றும் ‘சார்’ என்றும்தான் கூப்பிட்டார்கள். தியேட்டர் மேனேஜர் ஜெகதீசன் சென்னைக்குப் போன் போட்டு, படக் கம்பெனியில் உதவி இயக்குநர் ஒருவரைப் பிடித்துக் கேட்டதில், கதையில் அந்த அப்பாவுக்குப் பேரே வைக்கவில்லை என்று தெரிந்தது. ரெங்கசாமி அதற்குச் சங்கடப்படவில்லை. சுனாமி வந்த வருஷம் அப்பன் பேர் தெரியாமல், சொந்தப் பேரும் தெரியாமல், ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரிந்து நூற்றுப்பத்துப் பேருக்குக் கடற்கரையில் நின்று சடங்கு செய்தவர் அவர். “பேர் தெரியாதவனுக்கும் வழி இருக்கு. செஞ்சா போய்ச் சேரும்” என்றார்.

கொள்ளி வைக்க ஐஸ் பாக்டரியில் வேலை பார்க்கும் மணிமாறன் முன்வந்தான். வைத்தீஸ்வரன்கோவிலுக்கு நேர்ந்த மொட்டை ஒன்று அவனுக்கு மூன்று வருஷமாகப் பாக்கி இருந்தது. “எப்புடியும் அடிக்கத்தான் போறேன், இவனுக்காக அடிச்சதா இருக்கட்டும். சாமி கோவிச்சுக்காது” என்றான்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் வைக்கோலால் ஓர் உருவம் கட்டி, போஸ்டரிலிருந்து அன்பரசுவின் முகத்தைக் கத்தரித்து அதில் தைத்து, அந்தப் பச்சைக் கன்னத்துக்கு மஞ்சள் பூசிச் சமன் செய்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். முதலில் சம்பிரதாயத்துக்கு அழுதவர்கள் பிறகு அவரவர் வீட்டில் செத்தவர்களை நினைத்து நிஜமாகவே அழுதார்கள். ஒவ்வொருத்தியாக வந்து வாய்க்கரிசி போட்டாள். மணிமாறன் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைத்தான், கொள்ளி வைத்தான். எரிந்து முடிந்த சூட்டோடு அங்கேயே கருமாதியும் முடித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு, தலை முழுகி, ஈரத் தலையோடு எல்லாரும் நேராகக் காலைக் காட்சிக்கு வந்தார்கள். அன்று பூமயில் கிழித்தது இருநூற்றுப் பதினாறு டிக்கெட். அவள் கடற்கரைக்குப் போகவில்லை.

பிணவறைக் காட்சி வந்தது. பாட்டில் கவிழ்ந்தது, மருந்து கொட்டியது, நீலப் புகை எழுந்தது. வயலின்கள் மேலே மேலே ஏறின. வழக்கமாக அந்த இடத்தில் அவனுடைய வலது கைச் சுண்டுவிரல் துடிக்கும். துடிக்கவில்லை. வயலின்கள் இன்னும் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு, ஏற இடமில்லாமல் நின்றன. அன்பரசு படுத்திருந்தான். பிணவறை ஊழியர் ஒருவர் வந்து, அதுவரை படத்தில் எங்கேயும் வராதவர், கொட்டியிருந்த மருந்தைத் துணியால் துடைத்து, அவன் முகத்தைப் போர்வையால் மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

“அப்பாடா” என்றாள் காத்தாயி. அரங்கமே மூச்சு விட்டது.

படம் காட்டும் அருளப்பன் மெஷினைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார், பிறகு மேனேஜருக்குப் போன் செய்து, “படம் ஓடுது சார். அவன் எந்திரிக்கல. அவ்வளவுதான்” என்றார்.

படம் நீளம் குறையவில்லை. அதே இரண்டு மணி பதினான்கு நிமிஷம் ஓடியது, அவன் இருந்த இடங்களில் மட்டும் அவன் இல்லை. கொடைக்கானல் பாட்டில் யாழினி யாரும் இல்லாத தோளில் கைவைத்து ஆடினாள். பின்னால் ஆடிய முப்பது பேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு ஆடினார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டி, உள்ளே தேட ஆள் இல்லாததால் காபி குடித்துவிட்டுப் போனது. கடைசியில் ஐஸ் லாரி சாலையோரம் நின்றது, அதிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒழுகித் தாரில் ஓடியது. கதவு தட்ட வேண்டிய இடத்தில் யாழினி சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, தட்டைத் தொடாமல், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பூமயில் பின்கதவின் சிவப்புத் திரைக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை. அன்றுதான் அவள் படத்தை முடியும்வரை பார்த்தது.

வெளியே வந்த காத்தாயியை அவள் கூடை மேடைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இப்ப சந்தோஷமா அண்ணி? கதவத் தட்ட வந்தவனத் தடுத்துட்டீங்க.”

“தடுக்கலடி, அனுப்பி வச்சோம்.”

“உள்ள ஒருத்தி சோத்தப் போட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. அவகிட்ட கேட்டீங்களா?”

காத்தாயி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த பக்கத்து ஊர்த் தியேட்டரில் அன்பரசு எழுந்து நடந்துகொண்டுதான் இருந்தான். வடிவாம்பிகை டாக்கீஸில் மட்டும் எழவில்லை. திருவாரூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்து, வேறொரு பிரதியைப் போட்டுப் பார்த்து, இரண்டு காட்சி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மின்னழுத்தக் குறைபாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிற வழியில் ரெங்கசாமி வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். தன் அப்பாவுக்கு ஏதோ ஒரு சடங்கு விட்டுப்போயிருந்ததாகச் சொன்னாராம். நாளிதழ் ஒன்று ஏழாம் பக்கத்தில், கொத்தமல்லி விலைக்குக் கீழே, நாலு வரி போட்டது.

யூடியூப்காரர்கள் மூன்று பேர் மைக்கோடு வந்து வாசலில் நின்றார்கள்.

“படம் எப்படி இருந்துச்சும்மா?”

“நல்லபடியா நடந்துச்சு” என்றாள் ஒரு மீன்காரி.

“கிளைமாக்ஸ் எப்படி?”

“அதான் பதினாறாம் நாளே முடிஞ்சிருச்சே.”

“அஞ்சு மார்க்குக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?”

“பரீட்சையா எழுதுனான்? செத்துப்போன புள்ளைக்கு என்னாத்த மார்க்கு போடறது? போங்கய்யா, வெயில்ல நிக்காம.”

நாள் போகப் போக ஊரின் கவலை அன்பரசுவை விட்டுவிட்டு யாழினியின் மேல் விழுந்தது. நிச்சயம் மட்டும் ஆனவள் விதவையா இல்லையா என்று ஏலக்கூடத்தில் இரண்டு நாள் சண்டை நடந்து, தாலி ஏறாத கழுத்துக்கு என்ன விதவை என்று முடிவானது. பரிசோதனை நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும், இரண்டே காட்சிகளில் வரும், கண்ணாடி போட்ட பையனின் குணம் எப்படி என்று பெண்கள் கூர்ந்து கவனித்தார்கள். மாலைக் காட்சிக்கு வந்த ஆண்களில் சிலர் பாட்டில் தனியாக ஆடுவது நன்றாக இல்லை, அதை மட்டும் வெட்டிவிடலாம் என்று மேனேஜரிடம் மனு கொடுத்தார்கள். ஆனால் எல்லாரும் காத்திருந்து ஒன்றாகக் கத்தும் இடம் அந்தச் சோற்றுத் தட்டுதான். அவள் தட்டை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்ததும் அரங்கம் முழுக்க, “சாப்புடுடி பொண்ணே!” என்று குரல் எழும். அவள் சாப்பிடமாட்டாள். அடுத்த காட்சியிலும் கத்துவார்கள். அடுத்த காட்சியிலும் சாப்பிடமாட்டாள்.

அந்தக் குரல் வெளியே கவுண்டர்வரை கேட்கும். பூமயில் டிக்கெட் கட்டுகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பெண் உட்கார்ந்து காத்திருக்கிறாள், ஒரு நாளைக்கு நாலு தடவை தான்தான் டிக்கெட் கிழித்து அவளை அங்கே உட்கார வைக்கிறோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தோன்றியது. அன்று மாலைக் காட்சிக்கு இருபத்தேழு பேர் நின்றிருக்கக் கவுண்டரைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீசன் வந்து, “என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டபோது, “அது கொஞ்ச நேரம் எந்திரிச்சு நடக்கட்டும் தம்பி. காலைலேர்ந்து உக்காந்திருக்கு” என்றாள். காட்சி பதினைந்து நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, மதியக் காட்சி. யாழினி சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தாள். அரங்கம் கத்தத் தொடங்குவதற்குள் அவள் எழுந்தாள். கதவுக்குப் போனாள், திறந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள், ஒரு சைக்கிள் போனது, அது போய் மறையும்வரை பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாகப் பிசைந்து, நிதானமாக, பசித்த பெண் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள். கத்துவதற்கென்று வாயைத் திறந்திருந்த பெண்கள் அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருத்தி மெதுவாக, “குழம்பு என்ன?” என்று கேட்டாள். “வெந்தயக் குழம்பு மாதிரி இருக்கு” என்றாள் இன்னொருத்தி.

சிவப்புத் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பூமயில் யாழினி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்வரை நின்றாள்.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, மதியக் காட்சிக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் காத்தாயி கவுண்டருக்கு வந்தாள். கையில் கூடை இல்லை. ஓட்டைக்குள் முகத்தை நீட்டாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பேசினாள், பூமயிலுக்கு அவள் தோளும் சேலை முந்தியும்தான் தெரிந்தன.

“வர்ற சனிக்கிழமை ஆடி அமாவாசை.”

“தெரியும் அண்ணி.”

“ரெங்கசாமி கேட்டாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

பூமயில் எழுந்து ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள். “யாரு, நீங்களா சொன்னீங்க?”

“நான்தான்டி சொன்னேன்.” காத்தாயி முந்தியால் கழுத்தைத் துடைத்தாள். “இத்தன வருஷமா இது ஒரு சடங்குன்னுதான் நினைச்சேன். ஊர் வாய மூட, எம் மனச ஆத்த. அந்தப் பையனுக்கு எங்கையால அரிசி போட்டேன் பாரு, போட்டு நாலு மணி நேரங்கூட ஆவல, படுத்தவன் படுத்தவன்தான். இது பலிக்குதுடி பூமயிலு. நெசமாவே பலிக்குது. எந்தம்பி எங்கயாச்சும் ஒரு தீவுல இருக்கான்னு வையி, பேர் தெரியாத ஜெயில்ல இருக்கான்னு வையி, அங்கேர்ந்து கெளம்பி வந்துக்கிட்டு இருக்கான்னு வையி. நான் இங்கேர்ந்து அரிசியப் போட்டு அவனப் படுக்க வச்சிட்டா? எங்கையி வெளங்குமா?”

“ஏழு வருஷமா என்னை என்னெல்லாம் பேசுனீங்க.”

“பேசுனேன். இப்ப நான் சொல்றேன், பண்ண வேண்டாம். தாலியோட இரு. அரிசியப் போடு.”

வெளியே யாரோ ஒரு ஆள் வந்து டிக்கெட் கேட்டான். இன்னும் நேரம் ஆகவில்லை என்று பூமயில் அவனை அனுப்பினாள்.

“கனவுல இன்னும் வர்றாரா?”

“நேத்தும் வந்தான்.”

“அதே எடத்துலதானா?”

“அதே எடத்துலதான். மொழங்கால் தண்ணியில.”

“ஏழு வருஷம் மொழங்கால் தண்ணியில நின்னா காலு என்னாத்துக்கு ஆவும் அண்ணி? மரத்துப் போயிருக்கும். நகமெல்லாம் ஊறிக் கழண்டிருக்கும்.” பூமயில் இதைச் சந்தையில் ஒரு மீனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். “எங்கிட்ட வர்றதுன்னா இந்நேரம் வந்திருப்பாரு. உங்களக் கூப்புட்டுக்கிட்டு நிக்கிறாரு. நான் சோத்தப் போட்டு வச்சிருக்கேன்னு போகவும் முடியல, வரவும் முடியல. ரெங்கசாமிகிட்ட போயிச் சொல்லுங்க, சனிக்கிழமை பண்ணுறோம்னு.”

“நான் அரிசி போடமாட்டேன்டி. எங்கையி வராது.”

“நான் போடுறேன். மொதப் பிடி நான்தான போடணும்.”

காத்தாயி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் அழும் சத்தம் ஓட்டை வழியாகக் கேட்டது. பூமயிலால் அந்த ஓட்டையில் கையை நீட்டி அவளைத் தொட முடியவில்லை, ஆகவே கவுண்டரைப் பூட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியக் காட்சிக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, ஆடி அமாவாசையன்று ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. இந்தமுறை அதைப் பற்றிப் பஞ்சாயத்தில் விவாதம் இல்லை. வைக்கோல் உருவத்துக்கு நாகமுத்துவின் கட்டம்போட்ட சட்டையை மாட்டினார்கள். அப்பா பேர், பாட்டன் பேர், பிறந்த நட்சத்திரம் எல்லாம் தெரிந்திருந்தது. ரெங்கசாமி ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார். பூமயில் முதல் பிடி அரிசியைப் போட்டாள். காத்தாயியின் மகன் கொள்ளி வைத்தான். பெண்கள் பூமயிலைக் கடலுக்குள் அழைத்துப்போய் தாலியைக் கழற்றினார்கள். தண்ணீர் முழங்கால்வரை இருந்தது. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, கால் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். காத்தாயி கரையில் நின்றிருந்தாள், கடைசிவரை அவள் அரிசி போடவில்லை.

‘மூச்சில்லாத மாப்பிள்ளை’ ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை இரவுக் காட்சியோடு எடுக்கப்பட்டது. கடைசிக் காட்சியில் பதினொரு பேர் இருந்தார்கள். யாழினி வேலைக்குப் போனாள், வந்தாள், கண்ணாடிப் பையன் கேட்ட ஏதோ ஒன்றுக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் புதுப் படம் வந்தது. அதில் யாரும் சாகவில்லை, மீன்காரப் பெண்கள் பாதியில் தூங்கிவிட்டார்கள்.

2019 ஜனவரி 23, புதன்கிழமை, பூமயில் தன் கையால் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் பேரில், கீழப்பெருந்துறை ரேஷன் கடைக்கு உட்பட்ட குடும்ப அட்டை ஒன்றிலிருந்து நாகமுத்து என்ற பெயர் நீக்கப்பட்டது.